முகப்புச் சாவியும் அறைச் சாவியும்: தனியுரிமை மின்னஞ்சல் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வீட்டில் உட்கார்ந்தபடி வெளியூர் நிறுவனம் ஒன்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. அது போக ஊருக்குள் நாலைந்து பேருக்கு மின்னஞ்சல் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறை, கானாடுகாத்தானில் விருந்தினர் தங்கும் பழைய வீடு ஒன்று, எங்கள் பங்காளிகளின் பொதுக் கணக்கு, இப்படி. அதனால் "பிரைவசி மெயில் எது எடுக்கலாம்?" என்ற கேள்வி வாரம் ஒருமுறையாவது வந்துவிடும். கேட்பவர்களில் பாதிப்பேர் பொறியியல் படிக்கும் பையன்கள், மீதிப்பேர் ஐடி வேலையில் இருப்பவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப்போய் இதை எழுதி வைக்கிறேன். டிஎன்எஸ் (டொமைன் பெயரை வைத்துச் சர்வரைக் கண்டுபிடிப்பது), ஐமேப் (சர்வரில் இருக்கும் அஞ்சலை எந்த நிரலிலும் படிக்க உதவும் நெறிமுறை) போன்றவை தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது.

அண்ணே, ஜிமெயிலே போதாதா? மறைக்கிறதுக்கு நம்மகிட்ட என்ன இருக்கு?

நிறையப் பேருக்குப் போதும். பாஸ்வேர்டு திருட்டு, ஸ்பாம், போலிக் கடிதம் இவற்றைத் தடுப்பதில் ஜிமெயில் கெட்டிக்காரன். விளம்பரத்துக்காகக் கடிதங்களைப் படிப்பதையும் 2017இல் நிறுத்திவிட்டதாகக் கூகுள் அறிவித்தது.

ஆனால் படிக்காமல் இருப்பது வேறு, படிக்க முடியாமல் இருப்பது வேறு. உங்கள் கடிதம் அங்கே அவர்களால் திறக்கக்கூடிய நிலையில்தான் கிடக்கிறது. இன்று விளம்பரத்துக்கு வேண்டாம் என்றவர்கள் நாளை வேறு வசதிக்காகத் திறக்கலாம். பத்து வருட வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை, ஆதார் நகல், பயணச்சீட்டு எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். மறைக்க ஒன்றுமில்லை என்று சொல்கிறவரிடம் போனைக் கொடுங்கள் என்று கேட்டால் தரமாட்டார்.

முதலில் எதை முடிவு செய்ய வேண்டும்?

யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை. விளம்பர நிறுவனங்களிடமிருந்தா, சர்வரை உடைத்துத் தரவைத் திருடுகிறவனிடமிருந்தா, வேலை பார்க்கும் கம்பெனியிடமிருந்தா, இல்லை அரசிடமிருந்தா? ஒவ்வொன்றுக்கும் விடை வேறு. முதல் ஆளுக்கு, காசு வாங்கிக்கொண்டு விளம்பரம் போடாத எந்த நல்ல சேவையும் போதும். இரண்டாவது ஆளுக்குக் குறியாக்கம், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டுவது, வேண்டும். மூன்றாவது ஆளுக்கு எளிய வழி, கம்பெனி லேப்டாப்பில் சொந்த அஞ்சலைத் திறக்காமல் இருப்பது. நான்காவது ஆள்தான் கவலை என்றால் மின்னஞ்சலே தவறான கருவி. சிக்னல் மாதிரியான செய்திச் செயலிக்குப் போங்கள்.

இதை யோசிக்காமல் "உலகத்திலேயே பாதுகாப்பானது எது" என்று தேட ஆரம்பித்தால் மூன்று நாள் வீணாகும். நானே வீணாக்கியிருக்கிறேன்.

இந்தச் சேவைகள் குறியாக்கம் செய்கின்றன என்கிறார்களே, சரியாக எதைப் பூட்டுகின்றன?

இதற்கு எங்கள் வளவு வீடுகளை வைத்துச் சொன்னால் ஊர்ப் பையன்களுக்கு உடனே பிடிபடுகிறது. வீடு பங்காளிகள் எல்லோருக்கும் பொது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு எல்லாம் பொது. ஆனால் வளவைச் சுற்றியிருக்கும் அறைகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் (எங்கள் பக்கம் ஒரு கணவன் மனைவி குடும்பத்தைப் புள்ளி என்போம்) ஓர் அறை, அதன் சாவி அந்தப் புள்ளியிடம். முகப்புக் கதவைப் பூட்டித் திறக்கும் காவலாளிக்கும் அறைக்குள் போக வழியில்லை.

சாதாரண மின்னஞ்சலில் முகப்புக்கு மட்டும்தான் பூட்டு. வழியில் டிஎல்எஸ் என்ற பயணப் பூட்டு இருக்கிறது, சர்வர் வட்டில் குறியாக்கம் இருக்கிறது, ஆனால் எல்லாச் சாவியும் காவலாளி இடுப்பில். புரோட்டான், டூட்டா மாதிரியான சேவைகளில் அறைச் சாவி உங்கள் பாஸ்வேர்டிலிருந்து உங்கள் கருவியிலேயே உருவாகிறது, அல்லது அந்தப் பாஸ்வேர்டால் பூட்டப்பட்டு இருக்கிறது. சர்வருக்கு அது தெரியாது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு, விளம்பரப் பக்கங்களில் இதை யாரும் பெரிதாகப் போடுவதில்லை. புரோட்டானிலிருந்து புரோட்டானுக்குப் போகும் கடிதம் பூட்டியே கிளம்பி, பூட்டியே போய்ச் சேர்கிறது. ஜிமெயிலிலிருந்து உங்கள் புரோட்டானுக்கு வரும் கடிதம் அப்படியல்ல. அது திறந்தபடி வாசலுக்கு வருகிறது, சர்வர் அதை வாங்கி உங்கள் பொதுச் சாவியால் (பூட்ட மட்டும் உதவும், திறக்க உதவாத சாவி) பூட்டி உள்ளே வைக்கிறது. வைத்தபின் அவர்களாலும் திறக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் வாங்கிய அந்த நொடியில் கடிதம் திறந்துதான் இருந்தது. அனுப்பியவரின் ஜிமெயிலிலும் ஒரு நகல் திறந்தே இருக்கிறது. உங்களுக்கு வரும் அஞ்சலில் முக்கால்வாசி வங்கியிலிருந்தும் கடைகளிலிருந்தும் ரயில்வேயிலிருந்தும் வருவது. ஆக, நடைமுறையில் இந்தச் சேவைகள் தருவது பெரும்பாலும் பூட்டிய கிடங்குதான், பூட்டிய பயணம் கொஞ்சம்தான். கிடங்கு பூட்டியிருப்பதும் பெரிய விஷயமே. திருடன் வட்டையே தூக்கிப் போனாலும் ஒன்றும் கிடைக்காது.

அப்படியானால் எது மறைவதில்லை?

யார், யாருக்கு, எப்போது. திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு அறைக்குள் நடப்பது தெரியாது, ஆனால் யார் வந்தார் யார் போனார் என்பது அத்துப்படி. அதுதான் மெட்டாடேட்டா. அஞ்சலைச் சர்வருக்குச் சர்வர் கொண்டுபோகும் எஸ்எம்டிபி 1982இல் வந்த நெறிமுறை. முகவரி தெரியாமல் கடிதத்தைக் கொண்டுபோகும் வித்தை அதில் இல்லை.

சப்ஜெக்ட் வரியைக் கவனியுங்கள். புரோட்டானில் அது முனைக்கு முனை (அனுப்புகிறவர் கருவியிலிருந்து பெறுகிறவர் கருவி வரை) பூட்டப்படுவதில்லை, பிஜிபி என்ற அஞ்சல் குறியாக்க முறையின் பொதுத் தரமான ஓபன்பிஜிபியின் வழக்கத்தோடு ஒத்துப்போவதற்காக அப்படி விட்டிருக்கிறார்கள். டூட்டாவில் சப்ஜெக்டும் பூட்டுக்குள் போகிறது. எதை எடுத்தாலும் சப்ஜெக்டில் "சொத்துப் பாகப்பிரிவினை, இறுதி விலை" என்று எழுதாமலிருப்பது நல்ல பழக்கம்.

சரி, பெயர்களைச் சொல்லுங்கள். எதை எடுக்கலாம்?

புரோட்டான் மெயில்: செர்ன் ஆய்வகத்தில் சந்தித்த ஆட்கள் தொடங்கியது, 2014இல் பொதுமக்களுக்கு வந்தது, ஜெனீவாவில் இருக்கிறது. 2024இலிருந்து லாப நோக்கில்லாத அறக்கட்டளை ஒன்றுதான் அதன் முதன்மைப் பங்குதாரர். ஓபன்பிஜிபி பயன்படுத்துவதால் வெளியே பிஜிபி வைத்திருக்கும் யாருடனும் பேசலாம், உங்கள் சாவியை ஏற்றுமதியும் செய்யலாம். தண்டர்பேர்டு, மட் (mutt) போன்ற அஞ்சல் நிரல்களில் படிக்க 'பிரிட்ஜ்' என்ற சிறு நிரலை உங்கள் கணினியில் ஓடவிட வேண்டும். அது உள்ளூர் ஐமேப் சர்வர் மாதிரி நடித்து, பூட்டைத் திறந்து கொடுக்கும். லினக்ஸிலும் ஓடுகிறது, ஆனால் காசு கட்டியவர்களுக்கு மட்டும். போனில் அவர்களுடைய செயலிதான்.

டூட்டா: ஜெர்மனியின் ஹனோவர் நகரத்துக்காரர்கள். 2023 வரை டூட்டனோட்டா என்ற பெயர். பிஜிபியை ஒதுக்கிவிட்டுச் சொந்த முறை வைத்திருக்கிறார்கள், 2024இல் குவாண்டம் கணினிக்கும் தாக்குப்பிடிக்கும் குறியாக்கத்தைச் சேர்த்தார்கள். ஐமேப் கிடையாது, பிரிட்ஜும் கிடையாது. அவர்கள் செயலிக்குள்ளேயே வாழ வேண்டும். செயலிகள் எல்லாம் திறமூலம், எஃப்-டிராய்டு என்ற திறமூலச் செயலிக் கடையிலும் கிடைக்கும். இலவசக் கணக்கை ஆறு மாதம் திறக்காமல் விட்டால் அழித்துவிடுவார்கள் என்பதை நினைவில் வையுங்கள்.

மெயில்பாக்ஸ்.ஆர்க், போஸ்டியோ: இரண்டும் பெர்லின். இவை பழைய பாணி நல்ல அஞ்சல் நிலையங்கள். ஐமேப் நேராக வரும், பிஜிபி சாவியைக் கொடுத்தால் வரும் கடிதங்களைப் பூட்டி வைக்கும். போஸ்டியோ மாதம் ஒரு யூரோ, பெயர்கூடக் கேட்பதில்லை, உறையில் ரொக்கம் வைத்து அனுப்பினாலும் வாங்கிக்கொள்வார்கள். ஆனால் சொந்த டொமைனை அனுமதிப்பதில்லை. எனக்கு அந்த ஒன்றே அதை ஒதுக்கப் போதுமான காரணம், ஏன் என்று கீழே வருகிறது. மெயில்பாக்ஸ் சொந்த டொமைனை ஏற்றுக்கொள்ளும்.

ஃபாஸ்ட்மெயில்: மெல்போர்ன், 1999 முதல். முனைக்கு முனை குறியாக்கம் இல்லை, இருப்பதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். வேகம், வடிகட்டிகள், ஐமேப்புக்கு மாற்றான ஜேமேப் நெறிமுறை எல்லாம் அருமை. விளம்பரக்காரர்களிடமிருந்து தப்பினால் போதும் என்பவருக்கு இது சொகுசு.

ஸோஹோ மெயில்: நம்ம ஊர்ப் பெயர் என்பதால் எல்லோரும் கேட்கிறார்கள். விளம்பரம் கிடையாது, சொந்த டொமைனுக்கு மலிவு, பில் ரூபாயில் வரும், கஷ்டம் வந்தால் தமிழில் பேசலாம். ஆனால் அறைச் சாவி அவர்களிடமும் இருக்கும், மேலும் இந்தியச் சட்டத்தின் கீழ் இருக்கும் நிறுவனம். தொழிலுக்குத் தாராளமாக எடுக்கலாம். அதைப் புரோட்டானோடு ஒரே தட்டில் வைத்து ஒப்பிடாதீர்கள், இரண்டும் வேறு வேலைக்கானவை.

புதிதாக முளைக்கும் சேவைகளில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஸ்கிஃப் என்று ஒன்று அழகாக வந்தது. 2024 பிப்ரவரியில் நோஷன் நிறுவனம் வாங்கியது, ஆறே மாதத்தில் மூடினார்கள். என் நண்பர்கள் மூன்று பேர் அவசர அவசரமாக மூட்டை கட்டினார்கள்.

சுவிட்சர்லாந்து என்றால் யாரும் தொட முடியாது இல்லையா?

தொட முடியும். 2021இல் பிரான்சைச் சேர்ந்த காலநிலைப் போராட்டக்காரர் ஒருவர் விஷயத்தில் சுவிஸ் அதிகாரிகளின் உத்தரவுப்படி புரோட்டான் ஐபி முகவரியைப் பதிந்து கொடுக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சு போலீஸ் நேரே கேட்கவில்லை, சுவிஸ் வழியாகக் கேட்டது. கடிதங்களின் உள்ளடக்கம் போகவில்லை, ஏனென்றால் அது அவர்களிடம் திறந்த நிலையில் இல்லை. 2024இல் ஸ்பெயின் தொடர்பான இன்னொரு வழக்கில் கணக்கோடு இணைத்திருந்த மீட்பு மின்னஞ்சல் முகவரி போனது, அந்த முகவரி வழியாக ஆளைக் கண்டுபிடித்தார்கள். ஜெர்மனியிலும் இதே கதைதான். ஐபி முகவரிகளைச் சேமிப்பதே இல்லை என்று போஸ்டியோ வாதாடியது. உத்தரவு வந்தால் எடுத்துக் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு 2019இல் வெளிவந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான்: நாட்டின் பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், நிறுவனத்திடம் கொடுக்க என்ன இருக்கிறது என்று பாருங்கள். மீட்புக்கென்று சொந்தப் பெயரில் உள்ள ஜிமெயிலையும் போன் எண்ணையும் கொடுத்துவிட்டு, ஆளே தெரியாது என்று நினைப்பது வேடிக்கை.

இந்தியாவில் புரோட்டானைத் தடை செய்துவிட்டார்களா?

இரண்டு முறை பேச்சு கிளம்பியது. 2024 பிப்ரவரியில் சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டுப் புரளிக் கடிதங்கள் வந்தன. புரோட்டானிலிருந்து வந்தவை என்பதால் அந்தச் சேவையையே முடக்கும்படி தமிழகப் போலீஸ் தரப்பில் கேட்கப்பட்டது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அந்தச் செய்தியைக் கேட்ட பெற்றோருக்குப் போலீஸின் கோபம் நியாயமாகத்தான் பட்டிருக்கும். அப்புறம் 2025 ஏப்ரலில், பெண் ஊழியர்களைப் பற்றி ஆபாசக் கடிதங்கள் வந்ததாக ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ் தடுக்க நடவடிக்கை எடுக்கும்படி கர்நாடக உயர்நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது.

நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்: ஒரு நாள் காலையில் அந்தத் தளம் திறக்காமல் போகலாம். அப்போது வங்கி ஓடிபி, வேலை, வரிக் கணக்கு எல்லாம் அந்த ஒரே முகவரியில் தொங்கிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதே சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, சட்டப்படி உத்தரவு வந்தும் குறியாக்கத்தைத் திறக்க ஒத்துழைக்காவிட்டால் ஏழு ஆண்டு வரை சிறை. சர்வர் ஆல்ப்ஸ் மலையில் இருந்தாலும் நீங்கள் இருப்பது செக்காலை ரோட்டில்.

அதற்குத்தான் சொந்த டொமைன் என்கிறீர்களா?

அதற்கேதான். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றைச் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். ஜிமெயில்.காம் என்றோ புரோட்டான்.மீ என்றோ முடியும் முகவரி வாடகை வீடு. சொந்த டொமைன் இருந்தால் வீட்டு விலாசம் உங்களுடையது, உள்ளே அஞ்சலை வாங்கி வைக்கும் ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். அஞ்சல் எந்தச் சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவை மாற்றினால் சில மணி நேரத்தில் அடுத்த சேவைக்குப் போய்விடலாம், நூறு இடத்தில் முகவரி மாற்றச் சொல்லி அலைய வேண்டாம். வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் ஆகும். ஒரு குடும்பத்துக்கே போதும்.

கெட்டது உண்டா என்றால் உண்டு. டொமைன் போனால் எல்லாம் போச்சு, என் கதையைக் கேளுங்கள். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் படைப்பு (முன்னோர்களுக்குப் படைக்கும் குடும்ப வழிபாடு) நேரம். வீடு நிறைய ஆட்கள், நான் மூன்று நாள் கணினிப் பக்கமே போகவில்லை. டொமைன் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். பதிவு செய்த நிறுவனம் வெளிநாட்டில் இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகக் கழிக்க முன்கூட்டியே நம் ஒப்புதல் பதிவாகியிருக்க வேண்டும், அந்த நிறுவனத்துக்கு அந்த ஏற்பாடே இல்லை. கட்டணம் நிராகரிக்கப்பட்டது. அதைச் சொல்லும் எச்சரிக்கைக் கடிதம் எந்த முகவரிக்கு வந்தது தெரியுமா? காலாவதியாகப் போகிற அதே டொமைன் முகவரிக்கு. கடைசி எச்சரிக்கை வந்தபோது வாங்கவே ஆளில்லை. சர்வர் படுத்தால்கூட அனுப்புகிறவர்களின் சர்வர் நாலைந்து நாள் திரும்பத் திரும்ப முயற்சி செய்யும். டொமைனே இல்லை என்றால் கடிதம் அந்த இடத்திலேயே திரும்பிப் போகும். கோலாலம்பூரிலிருந்து என் அத்தான் போன் செய்து "என்னப்பா, உன் மெயிலு திரும்பி வருது?" என்று கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது.

இப்போது ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டி வைத்திருக்கிறேன். டொமைன் நிறுவனத்தின் கணக்குக்கு வேறொரு சேவையில் தனி முகவரி கொடுத்திருக்கிறேன். அந்தக் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபி இல்லை, யுஎஸ்பி பாதுகாப்புச் சாவிதான்.

அஞ்சல் சர்வரை நானே நடத்தினால் என்ன? எனக்கு லினக்ஸ் தெரியும்.

தெரியட்டும். வாங்குவது சுலபம், அனுப்புவதுதான் பாடு. வீட்டு இணைப்பில் நிலையான ஐபி இருக்காது, 25ஆம் போர்ட் அடைத்திருக்கும். மலிவு விபிஎஸ் (வாடகைச் சர்வர்) எடுத்தால் அந்த ஐபியில் முன்பு குடியிருந்தவன் ஸ்பாம் அனுப்பிக் கெடுத்து வைத்திருப்பான். கடிதம் உண்மையிலேயே உங்கள் டொமைனிலிருந்து வந்ததா என்று சரிபார்க்க உதவும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க், அத்தோடு பின்னோக்கிய டிஎன்எஸ் எல்லாம் சரியாக இருந்தும் பெரிய நிறுவனங்கள் உங்கள் கடிதத்தைச் சத்தமில்லாமல் ஸ்பாமில் போடும், காரணமும் சொல்லாது. கற்றுக்கொள்ள ஒரு வருடம் நடத்துங்கள், அருமையான படிப்பு. பிழைப்புக்கான முகவரியை அதில் வைக்காதீர்கள்.

உலாவியில் திறக்கும்போது அவர்கள் அனுப்பும் நிரலைத்தானே நம்புகிறோம்?

நல்ல கேள்வி. குறியாக்கம் செய்யும் ஜாவாஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் அவர்கள் சர்வரிலிருந்தே வருகிறது. உங்களுக்கு மட்டும் வேறு நிரலை அனுப்பினால் பாஸ்வேர்டு போச்சு. இது கற்பனையல்ல. 2007இல் கனடாவின் ஹஷ்மெயில், நீதிமன்ற உத்தரவின் பேரில், குறியாக்கம் செய்ததாக வாடிக்கையாளர்கள் நம்பிய கடிதங்களை 12 சிடி நிறையத் திறந்தே கொடுத்தது. மாறாக 2013இல், அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடென் பயன்படுத்திய லாவாபிட் அஞ்சல் சேவையிடம் அமெரிக்க அரசு மொத்த சர்வரின் ரகசியச் சாவியையே கேட்டது. உரிமையாளர் லாடார் லெவிசன் அதைக் கண்ணுக்குத் தெரியாத பொடி எழுத்தில் பதினொரு தாளில் அச்சடித்துக் கொடுத்துப் பார்த்தார். அது எடுபடாமல் போனதும் கடையையே மூடிவிட்டார்.

உலாவியைவிடச் செயலி மேல், அதிலும் நிரல் வெளிப்படையாக இருந்து வெளியார் தணிக்கை செய்த செயலி மேல். சாவி உங்கள் கணினியிலேயே இருந்து, சர்வர் வெறும் கிடங்காக இருந்தால் இன்னும் மேல். அதற்குத்தான் அடுத்த கேள்வி.

பிஜிபியை நானே அமைத்துக்கொண்டால்?

செய்யலாம். தண்டர்பேர்டில் 2020இல் வந்த 78ஆம் பதிப்பிலிருந்து உள்ளேயே இருக்கிறது. ஆனால் எழுத ஆள் வேண்டுமே! 1991இலிருந்து பிஜிபி இருக்கிறது, என் தொடர்புப் பட்டியலில் அதை வைத்திருப்பவர்கள் ஏழு பேர், அதில் இரண்டு பேர் சாவியைத் தொலைத்தவர்கள். அந்த ஏழு பேர் உங்களுக்கு முக்கியம் என்றால் அமைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் எச்டிஎம்எல் கடிதங்களில் வெளியிலிருந்து படங்களை ஏற்றுவதை நிறுத்தி வையுங்கள். 2018இல் வந்த ஈஃபெயில் ஓட்டை அந்த வழியாகத்தான் பூட்டைத் திறந்த கடிதத்தை வெளியே இழுத்தது. நீங்கள் கடிதத்தைத் திறந்ததை அனுப்பியவருக்குக் காட்டிக்கொடுக்கும் உளவுப் படங்களும் அதோடு அடங்கும்.

பாஸ்வேர்டு மறந்துபோனால் திறந்து தருவார்களா?

முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடை ஒன்றில் ஒரு நாள் நின்றிருந்தேன். பர்மாவிலிருந்து வந்ததாகச் சொல்லி ஓர் இரும்புப் பெட்டி, சாவி இல்லை. கடைக்காரர் லேசாகச் சாய்த்தார், உள்ளே ஏதோ உருண்டது. எல்லோருக்கும் ஆசை. கடைசியில் வெல்டிங் கடைப் பையன் வந்து பின்பக்கத்தை வெட்டினான். உள்ளே பூச்சி அரித்த பேரேட்டுத் தாள்களும் ஒரு பித்தளைக் குண்டூசி டப்பாவும்.

இரும்பு என்பதால் வெட்ட முடிந்தது. இங்கே அதுவும் கிடையாது. புரோட்டானில் மீட்பு வழி எதுவும் அமைக்காமல் பாஸ்வேர்டை மாற்றினால் கணக்கு திரும்பக் கிடைக்கும், பழைய கடிதங்கள் பூட்டியே கிடக்கும். டூட்டாவில் மீட்புக் குறியீடும் இல்லை என்றால் கணக்கே கிடையாது. அவர்கள் திறந்து தரமுடிந்தால் அப்புறம் எதற்கு அந்தச் சேவை? மீட்புச் சொற்களைக் காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வையுங்கள். போனில் படம் எடுத்து வைக்காதீர்கள். அது நேரே கிளவுடுக்குப் போய்விடும்.

கடைக்குக் கடை வேறு முகவரி கொடுப்பது எப்படி?

சிம்பிள்லாகின், அடி.ஐஓ, ஃபயர்ஃபாக்ஸ் ரிலே எல்லாம் இதற்குத்தான். சிம்பிள்லாகினை 2022இல் புரோட்டான் வாங்கிக்கொண்டது. சொந்த டொமைன் இருந்தால் கேட்ச்-ஆல் (டொமைனில் எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு) போட்டு, நகைக்கடைக்கு ஒன்று, விமான நிறுவனத்துக்கு ஒன்று என்று கேட்கும் இடத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லலாம். எது கசிந்தது என்று பிடிபடும். ஒரு ஜவுளிக்கடைக்கு மட்டும் கொடுத்த முகவரிக்குக் கடன் தருவதாகக் கடிதம் வந்தபோது எனக்கு வந்த திருப்தி இருக்கிறதே! ஆனால் டொமைன் உங்கள் பெயரில் இருந்தால் எல்லா ஏலியாசும் (மாற்று முகவரியும்) ஒரே ஆள் என்று கணினிக்குத் தெரியும். அடையாளமே தெரியக்கூடாத இடத்துக்குப் பொது டொமைன் ஏலியாஸ்தான் சரி.

பங்காளிகளுக்குள் பத்திர நகல், ஆதார் எல்லாம் அனுப்ப வேண்டியிருக்கிறது. எல்லோரையும் புரோட்டானுக்கு மாற்றிவிடலாமா?

முயன்று பார்த்தேன், தம்பி. எங்கள் வீட்டில் பதினான்கு புள்ளி. சிங்கப்பூர், கோலாலம்பூர், டெக்சாஸ், தேவகோட்டை என்று இருக்கிறார்கள். பதின்மூன்று பேர் மாறி ஒருவர் ஜிமெயிலில் இருந்தாலும் எல்லோருக்கும் போகும் கடிதம் அங்கே திறந்து கிடக்கும். வெளியாருக்குப் பாஸ்வேர்டு போட்டு அனுப்பும் வசதி புரோட்டான், டூட்டா இரண்டிலும் உண்டு. தேவகோட்டை பெரியப்பா அந்த இணைப்பைப் பார்த்துவிட்டு "இது ஏதோ திருட்டு மெயிலு, அழிச்சுட்டேன்" என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம்தானே அப்படிப் பழக்கியிருக்கிறோம்.

இப்போது செவன்-ஸிப்பில் கோப்பையே நீளமான பாஸ்வேர்டால் பூட்டி அனுப்புகிறேன், பாஸ்வேர்டைப் போனில் வாயால் சொல்கிறேன். வங்கிகள் பிடிஎஃப்புக்கு வைப்பது போலப் பெயரின் நாலெழுத்தும் பிறந்த தேதியும் வைக்காதீர்கள். அந்தப் பாஸ்வேர்டு கல்யாணப் பத்திரிகை வாங்கிய எல்லோருக்கும் தெரியும்.

சின்னத் தொழிலுக்கு இதெல்லாம் வேண்டுமா?

ஆத்தங்குடிப் பட்டறைக்காரர் புரோட்டான் கேட்டுத்தான் வந்தார். விசாரித்ததில் அவருடைய உண்மையான பிரச்சினை வேறு. பெங்களூர் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவர் பெயரிலேயே "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று யாரோ கடிதம் போட்டிருக்கிறார்கள். முன்பணம் போக இருந்தது, அந்த அம்மா போன் செய்து கேட்டதால் தப்பியது. இதற்குக் குறியாக்கம் ஒன்றும் செய்யாது. அவருடைய டொமைனில் எஸ்பிஎஃப், டிகிம் சரிசெய்து, சோதனையில் தவறும் கடிதத்தை வாங்காதே என்று டிமார்க்கை நிராகரிப்பில் வைத்தேன். கணக்கு எண் மாறினால் போனில்தான் சொல்வோம் என்று பில்லின் அடியில் அச்சடிக்கச் சொன்னேன். அஞ்சல் ஸோஹோவிலேயே இருக்கிறது.

பணம் கட்டுவது எப்படி?

யுபிஐ ஸ்கேன் செய்து கட்டலாம் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குத் திறந்துவிட்ட கார்டு வேண்டும், ஒரு வருடத்துக்கோ இரண்டு வருடத்துக்கோ மொத்தமாகக் கட்டுங்கள். மாதாமாதம் கழிப்பதை நம்பாதீர்கள், காரணம் மேலே இருக்கிறது.

பழைய கடிதங்களை எடுத்துப் போக முடியுமா?

முடியும். கூகுள் டேக்அவுட்டில் எம்பாக்ஸ் கோப்பாக இறக்கலாம், ஐமேப் உள்ள இடத்துக்கு ஐமேப்சிங்க் என்ற நிரல் போதும். சேர்வதற்கு முன்பே வெளியேறும் வழியைச் சோதித்துவிடுங்கள். இலவசக் கணக்கில் ஐம்பது கடிதம் போட்டு, அவற்றை முழுசாக வெளியே எடுக்க முடிகிறதா என்று பாருங்கள். எடுக்க முடியாத இடத்தில் சேராதீர்கள்.

நீங்கள் எதை வைத்திருக்கிறீர்கள்?

சொந்த டொமைன், புரோட்டான், பிரிட்ஜ் வழியாகத் தண்டர்பேர்டு. வாரம் ஒருமுறை எல்லாவற்றையும் வீட்டு வட்டுக்கு இழுத்து வைக்கிறேன். வங்கிக்கும் வருமான வரிக்கும் தனி முகவரி, அது வேறு சேவையில். ஜிமெயிலை மூடவில்லை, பள்ளி நண்பர்கள் இன்னும் அதற்குத்தான் எழுதுகிறார்கள்.

உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்தப் பூட்டை யார் திறப்பது?

இதைக் கேட்டது என் அப்பத்தா, கணினியைத் தொட்டதே இல்லாதவர். டொமைன் கணக்கு, மீட்புச் சொற்கள், இரண்டாவது யுஎஸ்பி சாவி மூன்றையும் ஓர் உறையில் போட்டு ஒட்டி, பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்திருக்கிறேன். என் மனைவிக்கும் தம்பிக்கும் இடம் தெரியும். பிள்ளையார் நோன்பன்று இழை எடுத்து முடித்த கையோடு உறையைப் பிரித்துப் பார்ப்பேன், மாறியிருந்தால் புதிதாக எழுதி வேறு உறையில் ஒட்டுவேன். போன வருடம் பிரித்தபோது யுஎஸ்பி சாவியைக் காணோம். பேரன் பொம்மைக்கு ஏதோ வேண்டுமென்று அப்பத்தாவே எடுத்துக் கொடுத்திருக்கிறார்.